மருந்தும் மேனியும்



'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. முகத்தைக் கண்டு மனத்தை அறிய முயல்வது மக்கள் இயல்பு. மனத்தை மட்டுமன்று, பிறர்க்கு உற்ற நோயையும் முகத்தைக் கொண்டே நாம் கணித்துவிடுகிறோம். ஊருக்குப் போனால் உறவினர் நம்மைக் கேட்கும் முதற் கேள்வி, "என்ன, இப்படி இளைத்துவிட்டாய்?" என்பதுதானே? அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் சிலர்க்கு அக் கேள்வி அம்பாகப் பாய்வதுண்டு. அத்தகைய அம்பு ஒன்றை என் பத்தாம் வயதில் நானே எய்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது இப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், பல ஆண்டுகள் கழித்துத்தான். அதனையே இங்கு எழுத விரும்புகிறேன்.

என் அத்தை என் தந்தையாருக்கு இளையவர். லாரித் தொழில் மிகுந்த கொங்குநாட்டு ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். மாமா லாரி ஓட்டுநர். 2003-ஆம் ஆண்டில் காலமானார். அவரைக் கொண்டுசென்றது எச்.ஐ.வி. என்பதும், அக் கிருமி அத்தையின் உடலிலும் இருக்கிறது என்பதும் அதன் பிறகே தெரியவந்தன. அப்போது அத்தைக்கு வயது 27. 2005-இல், அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியிருந்த கூட்டு மருந்து அவருக்குக் கிடைத்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர் மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார். ஆறு மாதத்தில் தறி வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் அதனை மறுபிறவி என்றே சொன்னார்கள்.

2008-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அத்தை எங்கள் வீட்டிற்கு வந்தார். கன்னங்கள் ஒட்டியிருந்தன. நெற்றிப்பொட்டுக் குழிந்திருந்தது. கைகளில் நரம்புகள் கயிறுகள் போலப் புடைத்து நின்றன. ஆனால் வயிறு மட்டும் முன் தள்ளியிருந்தது; பிடரியில் சிறிது சதை திரண்டிருந்தது. நான் கேட்டேன்: "அத்தை, உங்க மூஞ்சி ஏன் பாட்டி மூஞ்சி மாதிரி ஆயிருச்சு?"

அத்தை சிரித்தார்; மறுமொழி சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை.

அவர் ஏன் வரவில்லை என்பதை வளர்ந்த பிறகு அறிந்தேன். ஊரில் பெண்கள் குழாயடியில் அவர் முகத்தைப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். மாமா எதனால் இறந்தார் என்பதைக் குடும்பம் மறைத்து வைத்திருந்தது. அத்தையின் முகம் அதனை வெளியிடத் தொடங்கியது. "இந்த மாத்திரை தின்ன பொறவுதான் இப்படி ஆனேன்" என்று அவர் எண்ணினார். 2009-இல் ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அவர் எண்ணியதில் பாதி உண்மை. செய்தது முழுத் தவறு. எந்தப் பாதி உண்மை, எது தவறு என்பதை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம். அத்தையின் இசைவைப் பெற்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டா என்பது அவர் விருப்பம்.

கொழுப்பு குப்பையன்று

முதலில் கொழுப்பைப்பற்றி ஒரு சொல். நம் பேச்சில் கொழுப்பு ஒரு வசவுச் சொல். "உனக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது" என்கிறோம். உடலில் வேண்டாது தங்கிய பொருள் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கொழுப்பணு என்பது உடலின் களஞ்சியம். உண்ட உணவில் எஞ்சியதைச் சேர்த்து வைத்து, பசித்த வேளையில் எடுத்துக் கொடுப்பது. அத்துடன் அது சுரப்பியின் வேலையையும் செய்கிறது. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு கொழுப்பணுவில் பிறந்து, 'இருப்புப் போதும்' என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது. களஞ்சியம் சிதைந்தால் சேமிக்க இடமற்ற கொழுப்பு இரத்தத்தில் மிகுகிறது; ஈரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது; இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாது போகிறது.

கொழுப்பு இருக்கும் இடமும் முக்கியம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு ஒருவகை. கன்னத்துக்கு வடிவும், உட்காரும் இடத்துக்கு மெத்தையும் தருவது அதுதான். வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சூழ்ந்திருப்பது மற்றொரு வகை. முன்னது பெரும்பாலும் தீங்கு செய்யாதது. பின்னது மிகுந்தால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி வகுப்பது. என் அத்தைக்கு நல்ல இடத்தில் இருந்தது கரைந்தது. தீய இடத்தில் உள்ளது பெருகியது.

இம் மாற்றங்கள் இரண்டையும் ஒரே நோயாக முதலில் கருதினார்கள். இன்று பிரித்தே பேசுகிறார்கள். முகம், கை, கால், பிட்டம் ஆகியவற்றில் தோலடிக் கொழுப்புக் கரைவது ஒன்று. வயிற்றுள்ளும், மார்பிலும், காளையின் திமில் போலப் பிடரியிலும் கொழுப்புத் திரள்வது மற்றொன்று. ஒருவருக்கு ஒன்று மட்டும் வரலாம்; இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டின் காரணங்களும் ஒன்றல்ல.

மற்றொரு வேறுபாட்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். மருந்தில்லாத காலத்தில் எச்.ஐ.வி. முற்றியவர்கள் எலும்பும் தோலுமாக மெலிந்தார்கள். உகாண்டா நாட்டில் 1980-களில் அந் நோய்க்கு 'மெலிவு' என்ற பொருளிலேயே மக்கள் பெயரிட்டார்கள். அந்த மெலிவில் கொழுப்புடன் தசையும் கரையும், வலிமை போகும். மருந்தினால் வரும் மாற்றத்தில் கரைவது கொழுப்பு, தசை இருக்கும். அத்தை நாள் முழுதும் தறியில் நின்று வேலை செய்தார். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு நோயாளியாகவே தெரிந்தார். நோய் அடங்கியிருந்த காலத்தில், நோய் முற்றியவரைப் போன்ற தோற்றத்தை மருந்து தந்துவிட்டது. முகத்தைக் கொண்டு நோயைக் கணிக்கும் வழக்கம் இங்குப் பொய்த்துப்போகிறது.

சிறிது வரலாறு

எயிட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அக் கிருமி இருப்பதைக் கண்டறிந்த பெருமை சென்னைக்கு உரியது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் அதனை வெளிப்படுத்தினர். ஓர் ஆசிரியரும் ஒரு மாணவியும் செய்த பணி அது என்பதை நாம் எண்ணிப் பெருமை கொள்ளலாம்.

1987-இல் ஸிடோவுடின் என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தனித்து நின்ற மருந்தைக் கிருமி விரைவில் வென்றது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. மூன்றையும் ஒருசேர வெல்லக் கிருமியால் இயலவில்லை. சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அந்த மகிழ்ச்சி ஓராண்டு, ஈராண்டு நிலைத்தது. பிறகு நோயாளிகள் தம் உடலில் புதுமையான மாற்றங்களைக் கண்டார்கள். இண்டினவிர் என்னும் மருந்தின் வணிகப் பெயர் கிரிக்ஸிவன். அதை உண்டவர்கள் தம் வயிற்றைக் 'கிரிக்ஸ் தொப்பை' என்று கேலியாகக் குறிப்பிட்டார்கள். மருத்துவர்கள் கண்டு சொல்வதற்கு முன்னரே நோயாளிகள் கண்டு பெயரிட்டுவிட்டார்கள் என்பது கருதத்தக்கது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர்கள் ஆண்ட்ரு கார், டேவிட் கூப்பர் முதலியோர் இம் மாற்றங்களை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர். 'புரோட்டியேஸ் தடுப்பான்கள்' என்னும் மருந்து வகையே காரணம் என்று தொடக்கத்தில் கருதினார்கள். ஆனால் அவ் வகை மருந்தை ஒருபோதும் உண்ணாதவர்களின் கன்னங்களும் ஒட்டின. அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது எது என்று தேடியபோது, ஸ்டாவுடின் என்னும் மருந்து அகப்பட்டது. அதற்கு அடுத்த இடத்தில், குறைந்த அளவில், ஸிடோவுடின் நின்றது.

என் அத்தை உண்ட கூட்டு மாத்திரையில் ஸ்டாவுடின் இருந்தது.

பொய்யெழுத்து

ஸ்டாவுடின் கொழுப்பை எவ்வாறு கரைக்கிறது? அதனை அறிய, அது கிருமியை எவ்வாறு தடுக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பழைய அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வரிசையாகக் கோப்பார். ஒவ்வோர் எழுத்தும் தனக்கு முன் உள்ளதைப் பற்றிக்கொண்டு, தனக்குப் பின் வருவதற்கு ஒரு கொக்கியை நீட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கி இல்லாத பொய்யெழுத்து ஒன்றைப் பெட்டியில் கலந்துவிட்டால் என்ன ஆகும்? அச்சுக்கோப்பவர் அதை மெய்யெழுத்து என்று நம்பி எடுத்துக் கோப்பார். அதற்குப் பின் எந்த எழுத்தும் சேராது. வரி பாதியில் நின்றுவிடும்.

எச்.ஐ.வி. நம் உயிரணுவில் புகுந்ததும், தன் செய்தியை நம் மரபுப் பொருளின் எழுத்துகளால் படியெடுக்கிறது. படியெடுக்கும் வேலையைச் செய்வது அதற்கே உரிய ஒரு நொதி. ஸ்டாவுடின், தைமிடின் என்னும் எழுத்தைப் போன்று வேடமிட்ட பொய்யெழுத்து. கிருமியின் அச்சுக்கோப்பவர் ஏமாந்து அதனை எடுக்கிறார். கிருமியின் படி பாதியில் நின்றுபோகிறது. இதுவரையில் நன்று.

ஆனால் நம் உயிரணுவுக்குள்ளும் அச்சுக்கோப்பவர்கள் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் இப் பொய்யெழுத்தை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஏமாறுகிறார். அவர் வேலை செய்யும் இடம் மைட்டோகாண்டிரியா. உணவை எரித்து உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உலைக்களம் அது. அதற்கு 37 மரபணுக்கள் கொண்ட ஒரு சிறு மரபு நூல் தனியே உண்டு. அந்நூலைப் படியெடுக்கும் 'பாலிமரேஸ் காமா' என்னும் நொதியே ஸ்டாவுடினிடம் ஏமாறுவது. நூலின் படிகள் குறைகின்றன, உலைகள் பழுதடைகின்றன, கொழுப்பணு நலிந்து மடிகிறது. இது ஒருநாளில் நிகழ்வதன்று. மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். ஆகவேதான் முதலாண்டில் தேறிய அத்தை மூன்றாம் ஆண்டில் உருமாறினார். உள்ளங்கால் எரிச்சல் என்று அவர் இரவில் உறங்காமல் இருந்ததற்கும், நரம்புகளில் இதே மருந்து செய்த தீங்கே காரணம்.

வயிற்றுக் கொழுப்பின் கதை இத்துணைத் தெளிவானதன்று. சில மருந்துகளுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் கிருமி உடலில் எழுப்பும் இடைவிடாத அழற்சி, வயது, உணவு, நோயினின்று மீண்ட உடல் மீண்டும் சேமிக்கத் தொடங்குவது ஆகிய யாவும் அதில் கலந்துள்ளன. ஒரு மருந்தை மாற்றியதால் மட்டும் தொப்பை கரைந்துவிடுவதில்லை.

அந்த மருந்தை ஏன் கொடுத்தார்கள்?

இவ்வளவு தீங்குள்ள மருந்தை அரசு ஏன் கொடுத்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் சினத்துடன் கேட்டவன்தான். விடை தேடியபோது என் சினம் தணிந்தது.

2000-ஆம் ஆண்டில் மூன்று மருந்துச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஓராண்டில் 10,000 டாலருக்கு மேல் ஆயிற்று. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த நோயாளிகளுக்கு அது எட்டாக் கனி. 2001 பிப்ரவரியில் பம்பாயைச் சேர்ந்த சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு 350 டாலருக்கு 'எல்லையற்ற மருத்துவர்கள்' என்ற தொண்டு அமைப்புக்குத் தர முன்வந்தது. உலகமே வியந்தது.

இதில் மாணவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்டாவுடினை எச்.ஐ.வி.க்கு மருந்தாகப் பயன்படுத்தும் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதனை விற்கும் உரிமை ஒரு பெரிய நிறுவனத்திடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் மலிவு மருந்தைத் தடுக்கலாகாது என்று யேல் மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்தை வற்புறுத்தினர். அம் மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாப் அவர்களுக்குத் துணை நின்றார். 2001 மார்ச்சில் அந் நிறுவனம் வழிவிட்டது. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களின் குரல் கண்டம் கடந்து உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் நாள் அரசின் இலவசச் சிகிச்சை தொடங்கியது. தொடக்கத்தில் இருந்த மிகச் சில நிலையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. மலிவாகவும், இரத்தச்சோகை உள்ளவருக்கும் கொடுக்கத்தக்கதாகவும் இருந்தமையால் ஸ்டாவுடின் பரவலாக வழங்கப்பட்டது. அந்த மருந்து இல்லையேல், 2008-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டிற்கு வர அத்தை இருந்திருக்கமாட்டார். அவர் உயிரைக் காத்ததும் அதுவே. அவர் முகத்தைச் சிதைத்ததும் அதுவே.

குறை தெரிந்த பிறகு உலகம் வாளா இருக்கவில்லை. 2007-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அம் மருந்தின் அளவை ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம் என்று குறைக்கச் சொன்னது. 2009-இல் அதனைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளுக்கு அறிவுரை கூறியது. இந்தியாவும் அதனைக் கைவிட்டது. இன்று புதிதாகச் சிகிச்சை தொடங்கும் ஒருவருக்கு அம் மருந்து கொடுக்கப்படுவதில்லை.

மாத்திரையை நிறுத்தியதன் விளைவு

மாற்றம் மருந்தினால் வந்தது என்று அத்தை எண்ணினாரே, அதுவே உண்மையான பாதி. மருந்தை நிறுத்தினால் சரியாகும் என்று முடிவு செய்ததுதான் தவறு.

நெவிராபின் உடலினின்று மெல்ல நீங்கும் மருந்து; அதனுடன் இருந்த மற்ற இரண்டும் விரைவில் நீங்குவன. மூன்றையும் ஒருங்கே நிறுத்தினால், சில நாள் நெவிராபின் மட்டும் இரத்தத்தில் தனித்து நிற்கும். தனித்து நிற்கும் மருந்தை வெல்லக் கிருமி கற்றுக்கொள்கிறது. அத்தைக்கு நேர்ந்தது அதுவே. நான்கு திங்கள் சென்று காய்ச்சலும் இருமலும் வந்தன, காசநோய் என்றார்கள். அதனைக் குணப்படுத்திய பின் பழைய மாத்திரையைத் தொடர்ந்தபோது அது வேலை செய்யவில்லை. இரண்டாம் வரிசை மருந்துகளுக்கு மாற்றினார்கள். மாத்திரைகளின் எண்ணிக்கை கூடியது. மாதந்தோறும் நெடுந்தொலைவு பேருந்தில் போக வேண்டியதாயிற்று. ஆனால் அப் புதிய கூட்டில் ஸ்டாவுடின் இல்லை.

இரங்கத்தக்கது யாதெனில், மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லியிருந்தாலும் ஸ்டாவுடினை மட்டும் நீக்கி வேறொன்றை வைத்திருக்க முடியும் என்பதே. "முகம் இப்படி ஆகிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல அவர் கூசினார். உயிரைக் காப்பாற்றியவர்களிடம் அழகைப்பற்றிப் பேசுவதா என்று நினைத்தாராம். இது அழகைப்பற்றிய கேள்வி அன்று என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

போனது மீளுமா?

மருந்தை மாற்றினால் கரைந்த கொழுப்பு மீளுமா? மீளும், மிக மெதுவாக, முழுமையாக மீளும் என்று சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஸ்டாவுடின் அல்லது ஸிடோவுடினை விட்டு அபாகவிர் என்னும் மருந்துக்கு மாறியவர்களை அளந்தார்கள். 24 வாரங்களில் கைகால்களில் கூடிய கொழுப்புச் சராசரியாக 400 கிராமுக்கும் சற்றுக் குறைவு. கருவி கண்டது, கண் காணவில்லை. ஆயினும் திரும்பும் பாதை உண்டு என்பதை அது காட்டியது.

ஒட்டிய கன்னத்தை நிரப்பும் ஊசி மருந்துகள் உண்டு. பாலிலாக்டிக் அமிலம் கொண்ட ஒன்றுக்கு 2004-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. திரண்ட வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க டெசமோரெலின் என்னும் ஊசிக்கு 2010-இல் அங்கே ஒப்புதல் கிடைத்தது. நாள்தோறும் போட வேண்டும். நிறுத்தினால் தொப்பை திரும்பும். இவை செல்வர்க்கு உரியவை. என் அத்தைக்கு எட்டியவை காலை நடையும், அளவான சோறும், மிகுந்த காயும் கீரையும்தாம். இவை உட்கொழுப்பைக் குறைக்க உதவுபவை. ஆனால் பட்டினி கிடந்து இளைக்க முயல்வது தகாது. எஞ்சியிருக்கும் தோலடிக் கொழுப்பும் போய்விடும்.

புதிய மருந்து, புதிய கேள்வி

இன்று நம் நாட்டில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படும் கூட்டு, டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்னும் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. நாளுக்கு ஒரு முறை உண்டால் போதும். கொழுப்பணுவின் உலையை இது பழைய மருந்துபோல் சிதைப்பதில்லை. அத்தையும் சில ஆண்டுகளாக டொலுடெக்ராவிர் உண்டு வருகிறார்.

இப்போது அவர் எடை கூடியிருக்கிறது. "தேறிட்டியே!" என்று ஊரார் வாயாரச் சொல்கிறார்கள். அவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இங்கும் முகத்தை முழுதும் நம்பக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், டொலுடெக்ராவிர் அடங்கிய கூட்டுகளை உண்டோர்க்கு 48 வாரங்களில் சராசரியாக 3 முதல் 6 கிலோ வரை எடை கூடியது. பெண்களுக்கு மிகுதியாகக் கூடியது. இதில் ஒரு பகுதி நோயினின்று மீண்டதன் விளைவு, நலத்தின் அறிகுறி. ஒரு பகுதி அதற்கும் மேற்பட்டது. எது எவ்வளவு, எவ்வாறு விளைகிறது என்று ஆராய்ச்சியாளர் இன்னும் ஆய்ந்து வருகின்றனர்.

இதற்காக அஞ்ச வேண்டியதில்லை; விழிப்பு வேண்டும். இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளப்பதும், சர்க்கரையையும் இரத்தக் கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் சோதிப்பதும் கடினமான செயல்கள் அல்ல. இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரை உள்ள 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, பிடாவஸ்டாடின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை, மாரடைப்பு முதலிய பெருந்தீங்குகளை 35 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. ஒரு காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர் எத்தனை மாதம் வாழ்வார் என்று கேட்டார்கள். இன்று அவர் முதுமையில் இதயத்தை எவ்வாறு காப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி மாறியதே பெரிய வெற்றி அன்றோ?

நாம் செய்யத்தக்கது

இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள் என்பது அண்மைக் கணக்கு. அவர்களுள் ஒருவர் நம் தெருவில் இருக்கலாம். நம் விடுதியில் நம்முடன் அமர்ந்து உண்ணலாம். மருந்தினால் இரத்தத்தில் கிருமியைக் காண இயலாத அளவுக்கு அடக்கியவரிடமிருந்து பாலுறவின் வழியாகவும் அக் கிருமி பிறர்க்குப் பரவுவதில்லை என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்ட உண்மை. ஒருவர்க்கு இந்நோய் உண்டென்று அவர் இசைவின்றிப் பிறர்க்குச் சொல்வதும், அதனால் அவரை வேலையினின்றோ பள்ளியினின்றோ ஒதுக்குவதும் 2017-ஆம் ஆண்டின் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. ஆனால் குழாயடிப் பேச்சைச் சட்டம் தடுக்காது. அதனைத் தடுக்க வேண்டியவர்கள் படித்தவர்களாகிய நாம்.

ஆதலின் நண்பர்களே, மூன்று செய்திகளை நினைவிற்கொண்டு ஊருக்குச் செல்லுங்கள். ஒன்று, ஒருவருடைய கன்னத்தையும் வயிற்றையும் கண்டு நோயைக் கணிக்காதீர்கள். இரண்டு, இந்த மருந்துண்ணும் ஒருவர் உடல் மாறுவதைச் சொல்லி வருந்தினால், 'அழகு போனால் போகட்டும்' என்று தள்ளாதீர்கள். மருத்துவரிடம் கூசாமல் சொல்லத் துணை செய்யுங்கள். மூன்று, எக்காரணம் கொண்டும் தாமாக மருந்தை நிறுத்த விடாதீர்கள். மருந்தை மாற்றலாம், நிறுத்தக்கூடாது.

சென்ற விடுமுறையில் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். கைகளில் சதை ஓரளவு மீண்டிருக்கிறது. கன்னக் குழி முழுதும் நிரம்பவில்லை. மைட்டோகாண்டிரியாவைப்பற்றி நான் படித்ததை எல்லாம் என் மொழியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, பத்தாம் வயதில் நான் கேட்ட கேள்விக்காக மன்னிக்கச் சொன்னேன்.

"அதுக்கென்ன கண்ணு, நீ சின்னப் பையன். பெரியவங்க வாய்விட்டுக் கேக்காம முதுகுக்குப் பின்னால பேசுனாங்க. நீ நேரா கேட்ட. என்ன பண்றது, எனக்குத்தான் பதில் தெரியல" என்றார்.

அவருக்கு அன்று தெரியாத பதிலைத்தான் நான் இன்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை அறியாமல் இன்றும் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து நிற்கலாம். அவருக்கு உங்களுள் ஒருவர் இதனைச் சொன்னால், என் பத்தாம் வயதுப் பிழைக்கு அது கழுவாயாகும்.